ஏணியடியில் நின்றவள்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில், வேலை முடிந்த கையோடு ட்ராம் பிடித்து மாலை வகுப்புக்குப் போய்வந்தேன். ஊரில் நான் ஆங்கில ஆசிரியை. இங்கே என் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டதால், நாற்பது வயதில் மறுபடியும் மாணவியானேன்.

இடைக்கால ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பைபிளில் வரும் பெருவெள்ளத்துக்கு முன் நோவா குடும்பத்தோடு பேழை என்ற கப்பலில் ஏறும் கதையைப் பாடும், படங்களும் வரைந்த பழைய சுவடியொன்றை எடுத்துக்கொண்டேன். பாட்டில் எல்லோரும் சொன்னபடி ஏறிவிடுகிறார்கள். படத்தில் அப்படியில்லை. ஒரு பெண் ஏணியடியில் நின்று கையை உயர்த்தி மறுக்கிறாள்; ஒருவன் அவளை வற்புறுத்துகிறான். பாட்டில் இல்லாத கதையை ஓவியன் சொல்கிறான் என்று எழுதினேன்.

விரிவுரையாளர் மிகக் குறைந்த மார்க் போட்டிருந்தார். படங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான அலங்காரம், அவற்றை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றார். சுவடியை எழுதியவர் படத்துக்கென்றே இடம் விட்டிருக்கிறாரே, பிந்திய பக்கங்களில் அந்த இடங்கள் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றனவே என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"உங்கள் நாட்டில் கோயில் சுவரைப் பார்த்துக் கதை படிப்பது வழக்கமாக இருக்கலாம். இது இலக்கிய வகுப்பு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருத்தி எழுதித் தந்தால் மார்க்கைக் கூட்டலாம் என்றும் சொன்னார். வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அவர் கேக்கிறதை எழுதிக் குடுத்திட்டு வாருமன்," என்றார் அவர்.

"அந்தப் பொம்பிளை படத்தில நிக்கிறாள். இல்லையெண்டு நான் ஏன் எழுத வேணும்?"

அடுத்த வாரம் விரிவுரையாளர் அதே படத்தை ஸ்லைடாகத் திரையில் போட்டார். பேழை பெரிதாகத் தெரிந்தது. ஏணியையும் காணோம், அவளையும் காணோம். பெண் எங்கே என்று எழுந்து கேட்டேன். பேழை தெளிவாகத் தெரிவதற்காக ஓரத்தை வெட்டிவிட்டதாகச் சொன்னார், ஏதோ நகம் வெட்டியதைப்போல.

நூலகத்தில் இரவல் எடுத்த, அந்தச் சுவடியின் அச்சுப் பிரதி என் பையில் இருந்தது. பக்கத்தை விரித்து, முன்வரிசையில் இருந்தவளிடம் கொடுத்தேன். அவளும் பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வந்தவள். ஸ்லைடு கருவியின் வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தாள்.

"இவள் ஏறப் போவதில்லை," என்றாள்.

புத்தகம் கைமாறி வகுப்பு முழுக்கப் போனது. அது என்னிடம் திரும்பி வருவதற்குள் அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

கட்டுரையை நான் திருத்தி எழுதவில்லை. மட்டுமட்டாகப் பாஸ் பண்ணினேன். பட்டமும் பிறகு பள்ளிக்கூட வேலையும் கிடைத்தன. சில வருடம் கழித்து, அதே விரிவுரையாளரிடம் படித்த ஓர் இளம்பெண்ணிடம் அந்தப் படத்தைப் பற்றி விசாரித்தேன். அவர் காட்டிய ஸ்லைடில் பேழை மட்டும்தான் இருந்தது என்றாள். அன்றைக்கும் எனக்கு அதே கோபம் வந்தது.