கணேசமூர்த்தி அண்ணைக்குக் காய்ச்சிய கஞ்சி

கணேசமூர்த்தி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, எங்கள் தபாற்கந்தோரில் நான் கடிதக்கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "கொழும்பில நெஞ்சுக்குப் போட்ட வால்வு பழுதாம்" என்றார் செய்தி கொண்டுவந்தவர். எல்லோரும் ஓமென்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவரை அறிந்த உங்களிடம், அந்தத் தலையாட்டல் பொய் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்து வேலை செய்தோம். விலாசம் பிழைத்த கடிதத்தைத் திருப்பியனுப்ப அவர் விடமாட்டார். "இடம்பெயர்ந்த சனம், தங்கச்சி. விலாசம் பிழைக்கும், ஆள் எங்கையோ இருக்கும்" என்று முள்ளியவளை முழுக்கச் சைக்கிளில் விசாரித்துத் திரிவார். மேடே இல்லாத தெருவில் அவர் சைக்கிளை உருட்டத் தொடங்கியபோதுதான் நெஞ்சு வருத்தம் எங்களுக்குத் தெரியவந்தது.

பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய், வால்வு மாற்றி, பாதியாய் மெலிந்து வந்தார். இரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்கக் குளிசை. மாதாமாதம் இரத்தச் சோதனை. குளிசையின் வேலையைக் கெடுக்குமென்று கீரை வகையைக் குறைக்கவும் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அது பகிடியாக இருந்தது. "கொழும்பு டொக்டருக்கு எங்கட இலைக்கஞ்சியைப் பற்றி என்ன தெரியும்? ரத்தம் ஊறவேணும், குடியுங்கோ" என்று முசுட்டை, முல்லை, வல்லாரை இலையெல்லாம் இடித்துப் பிழிந்து, காலைதோறும் காய்ச்சிக் கொண்டுபோனேன். ஒருநாள் தயங்கினார்.

"குளிசையோட ஒத்துவராது எண்டவை, தங்கச்சி."

"அப்ப நான் நஞ்சே தாறன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன்பின் தினமும் வாங்கிக்கொண்டார். குடித்தார், கிண்ணத்தைக் கழுவித் தந்தார்.

சண்டையில் பாதை பூட்டியதால் இரத்தச் சோதனைக்கு வவுனியா தாண்ட முடியவில்லை. போயிருந்தால் பழுதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. வேலைத்தலத்திலேயே மூச்சு முட்டி விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி, சரோஜா அக்கா, தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் டொக்டர் என்னிடம் கேட்டார்: "வால்வில ரத்தம் கட்டிப்போச்சு. இலை வகை கனக்கச் சாப்பிட்டவரோ?"

"தெரியாது" என்றேன். மூன்றாம் நாள் அண்ணை இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இலைக்கஞ்சி அவருக்குச் சின்னனிலேயே பிடிக்காது. உம்மட மனம் நோகுமெண்டு ஒரு சொட்டும் விடாமல் குடிச்சவர்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மரியாதைதான். அதை வைத்திருக்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

அக்கா, டொக்டர் கேட்டது என்னைத்தான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது.