ஆறு ஆள் பாரம்

என் புருஷன் பேர் ஐயாவு. அவருக்குக் கைவேலை தெரியும், வாய் தெரியாது. எனக்கு நேர்மாறு. வலங்கைமானில் அவர் பட்டறை வைத்திருந்த முப்பது வருஷமும் வந்தவர்களோடு பேசியது, சண்டை போட்டது எல்லாம் அம்சம் என்கிற நான்தான். இதையும் நானே சொல்கிறேன். அவரிடம் கேட்டால், "பாலத்துல மாட்டுச்சு, அப்பறம் வந்துடுச்சு" என்று முடித்துவிடுவார்.

அவர் அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போது ஈரத்தில் வழுக்கி, மூட்டை முதுகில் விழுந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆத்திரம் மகனுக்குள் கிடந்தது. பட்டாள ஏலத்தில் பழைய பிக்கப் வண்டி ஒன்று கிடைத்ததும் பாரம் தாங்கும் வில்பட்டைகளை அச்சுக்குக் கீழே மாற்றிக் கட்டினார். மேல்கூரையை வெட்டி எறிந்தார். வண்டியின் தட்டு தொடை உயரத்துக்கு இறங்கிவிட்டது. தோள் மூட்டையை நின்ற இடத்திலிருந்தே வைக்கலாம், பலகை வேண்டாம்.

"என்ன அம்சம், உன் வீட்டுக்காரரு வண்டிக்குக் கால ஒடிச்சிட்டாராமே?" என்று கடைத்தெருவே சிரித்தது.

"உங்க நாக்க ஒடிக்காம விட்டாரேன்னு சந்தோஷப்படுங்க" என்பேன்.

ஆனால் அதன் பெட்ரோல் என்ஜின் பத்து மூட்டைக்கே மூச்சு வாங்கியது. எழுபத்தொன்று தேர்தல் சமயத்தில், கவிழ்ந்துபோன ஒரு லாரியின் டீசல் என்ஜினைத் திருவாரூரிலிருந்து கொண்டுவந்தார். வேப்பங்கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கி, பழைய தாங்கிகளை அறுத்துப் புதிது வைத்து, பதினெட்டு நாள் மல்லுக்கட்டினார். பெரிய என்ஜினுக்குப் பெரிய புகைக்குழாய். வண்டிக்கு அடியில் அதைக் கொண்டுபோக இடமேது? சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி வெல்டு வைத்தார். அந்தக் குழாய்தான் வினை.

காத்தாயி அவருக்கு அக்கா, எனக்கு நாத்தனார். பண்ணையின் மூன்று ஏக்கரைப் பதினோரு வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவள். குத்தகைக்காரர் பேரைப் பதியலாம் என்று சட்டம் வந்ததும் மனு கொடுத்தாள். பண்ணையின் காரியக்காரர் தியாகராசன், 'அவள் எங்கள் கூலிக்காரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் தாலுகா ஆபீசில் விசாரணை. அவளிடம் இருந்த ஒரே ஆதாரம், அறுத்து அடித்துக் கட்டி வைத்திருந்த இருபது மூட்டை நெல். அவள் பேரில் அது வெளியே போனால் குத்தகைக்காரி. பண்ணைக் களத்துக்குப் போனால் கூலிக்காரி. அன்றைக்குச் சாயங்காலமே பண்ணை வண்டிகள் வந்து அள்ளப்போவதாகச் சேதி வந்தது.

சாலை பண்ணை வாசல் வழியாகத்தான் போகும். ஆனால் மேட்டூர் அணையை அடைத்து வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதன் மணலிலேயே வயல்வரைக்கும் போகலாம். நடுவில் ஒரு சாலைப் பாலம், குட்டைப் பாலம். போன வாரமே இவர் மணல்மூட்டை இருபது ஏற்றி, என்ஜின் இழுக்கிறதா என்று பார்க்க அதனடியில் போய்வந்திருந்தார்.

"குழாய்க்கும் பாலத்துக்கும் நடுவுல ரெண்டு வெரக்கட எடம் இருக்கு" என்றார்.

"நானும் வர்றேங்க" என்று ஏறி உட்கார்ந்தேன். அவரைத் தனியாக அனுப்பி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நல்ல உச்சிவெயில். பண்ணை வாசலில் தேர்தல் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. பண்ணையார் தோளிலும் கரைத்துண்டு, எங்கள் தெரு ஆட்கள் தோளிலும் அதே கரைத்துண்டு. அந்தக் கூத்து எப்படியோ போகட்டும், அன்றைக்கு அந்தச் சத்தம் எங்களுக்குக் காவலாக இருந்தது. பாலத்துக்குள் வண்டியின் மூக்கு நுழைந்தது. டங்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

புகைக்குழாயின் வாய் பாலத்து அடிவிளிம்பில் செருகிக்கொண்டிருந்தது. பின்னால் எடுத்தார். சக்கரம் மணலைத் தோண்டியதே தவிர வண்டி அசையவில்லை.

"போன வாரம் போச்சேங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பாரத்தோட போச்சு அம்சம். இப்ப காலி வண்டி. பட்டை நிமிர்ந்துகிட்டு நிக்கிது."

அடப் பாவி மனுஷா! இழுக்குமா என்று பார்த்தவர், காலியாக நுழையுமா என்று பார்க்கவில்லை. டயரில் காற்றை இறக்கினால் போகும். ஆனால் பம்பு பட்டறையில் கிடக்கிறது. காற்றில்லாமல் நெல்லை ஏற்றினால் டியூப் நார்நாராகிவிடும். நான் போய்த் தட்டில் ஏறி நின்று பார்த்தேன். என் எடைக்கு அது சட்டை பண்ணவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மைக்செட் நின்றது. என்ஜின் சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது.

பாலத்தின் மேலே தியாகராசனின் தலை தெரிந்தது. "டேய் ஐயாவு! திருட்டு நெல்லு ஏத்தவாடா வந்த?"

நான் கத்தினேன். "யாரு நெல்ல யாரு திருடுறது? நாக்கு அழுகிடும்!"

"ஏறி ஒடைங்கடா அந்த வண்டிய!"

வெளியூரிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்த ஆறு பேர், கையில் கம்போடு கரையிலிருந்து திபுதிபுவென்று இறங்கித் தட்டில் ஏறினார்கள். முதல் அடி பக்கப்பலகையில் விழுந்தது. செத்தோம் என்று கண்ணை மூடினேன். காலடியில் தட்டு கீழே போனது.

இவர் திரும்பிப் பார்த்தார், குழாயின் வாய் விளிம்பை விட்டு இறங்கியிருந்தது. அப்புறம் கியரைப் போட்டார்.

"குனிங்கடா, தல போயிடும்!" என்று கத்தினது நான்தான். நான் குப்புற விழுந்தேன். ஆறு பேரும் கம்பைப் போட்டுவிட்டுத் தட்டோடு தட்டாகப் படுத்தார்கள். குழாய் செங்கல்லைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போய், அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வந்தது. அவர் நிறுத்தவே இல்லை. அந்த லாரி என்ஜின் அத்தனை பேரையும் மணலில் இழுத்துக்கொண்டு காத்தாயி வயலுக்கு ஓடியது.

அங்கே காத்தாயிக்குத் துணையாக அரிவாளோடு இருபது பெண்கள். ஆறு பேரும் எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார்கள். காத்தாயி கிட்டே வந்து பார்த்தாள்.

"எந்த ஊருப்பா நீங்க? வந்ததுதான் வந்தீங்க, ஆளுக்கு ஒரு கை புடிங்க. ஏத்துகூலி அளந்துடுறேன்."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? தூக்கினார்கள். பலகை இல்லாமல் மூட்டை வைக்கும் வண்டியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. இருபதும் ஏறின பிறகு காத்தாயி மரக்காலை எடுத்து, களத்தில் மிஞ்சிய நெல்லை ஆளுக்கு ஒன்று துண்டில் அளந்து போட்டாள். பாரத்தோடு திரும்பும்போது குழாய் பாலத்தைத் தொடவே இல்லை. மேலே தியாகராசன் தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் விசாரணையில் காரியக்காரர், "நெல்லு பண்ணையுது. இவ ஆளு வச்சுத் திருடிட்டா" என்றார்.

"யாரு ஏத்துனது?" என்று கேட்டார் தாசில்தார்.

கதவருகில் அந்த ஆறு பேரும் நின்றார்கள். முந்தின நாளே கூலி கிடையாது என்று காரியக்காரர் விரட்டிவிட்டிருந்தார். அதைக் கேட்கத்தான் அங்கே வந்திருந்தார்கள். அதில் மூத்தவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னே வந்தான்.

"நாங்கதாங்க. பண்ணைதாங்க எங்கள அனுப்புச்சு. ஏத்துகூலி இந்த அம்மா அளந்துச்சு, ஆளுக்கு ஒரு மரக்கா."

தாசில்தார் தியாகராசனைப் பார்த்தார். "ஏங்க, கூலிக்காரி எங்கயாவது கூலி அளப்பாளா?"

தாசில்தார் பேனாவைத் திறந்தார். பதிவேட்டில் அவள் பேரை எழுதி முடிக்கும்வரை காத்தாயி நின்றுகொண்டே இருந்தாள். எழுதியதும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

வெளியே வண்டியோரம் இவர் குழாயை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்சம், இத ஒரு சாண் கொறைக்கணும்" என்றார்.