சூடு படக் கூடாத படம்

பழைய லேமினேஷன் மெஷின் ஒரு வாரமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. நேற்று யாருடைய மதிப்பெண் சான்றிதழையோ விழுங்கப் பார்த்ததும், தெருமுனை ஜெராக்ஸ் அக்காவுக்கு அலுத்துவிட்டது. கடையைப் பூட்டிக்கொண்டு மெஷின் விற்கும் இடத்துக்குக் கிளம்பினாள். கைப்பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, தங்கையின் ஸ்கேன் படம் இருந்தது.

வயிற்றிலேயே அடங்கிப்போன குழந்தைக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே படம். அதுவும் மங்கத் தொடங்கியிருந்தது. பிரதி எடுத்துத் தருகிறேன் என்றதற்குத் தங்கை, “எதுக்குக்கா? அன்னிக்கு என் கையில குடுத்தது இதுதானே” என்று முடித்துவிட்டாள்.

மெஷின் விற்பவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் ஆலோசனை அண்ணன். கேட்காமலே சொல்வார்.

“ரோல் மெஷினா எடுத்துக்கம்மா. போஸ்டர்கூடப் போடலாம்.”

“அது உள்ள வந்தா நான் வெளிய நிக்கணும்ணே.”

அவர் சிரித்துவிட்டு, நான்கு உருளைகள் உள்ள சின்ன மெஷினைக் காட்டினார். தாள் சிக்கினால் பின்னால் இழுக்கவும் ஒரு பட்டன். அது போதும் என்று பட்டது. சான்றிதழுக்கு மெல்லிய கவர், அடையாள அட்டைக்குத் தடித்த கவர் என்று எடுத்து வைத்துவிட்டு, தயங்கிக் கேட்டாள்.

“சூடு இல்லாமலும் போடலாமா?”

“இந்தப் பட்டனை மாத்தினா சூடே கிடையாது. கூடவே இந்த ஒட்டுற ஃபிலிம். குடும்மா, போட்டுக் காட்டறேன்.”

படத்தை நீட்டினாள். ஆனால் விரல்கள் விடவில்லை.

“முதல்ல வேற எதையாவது போடுங்கண்ணே.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காபிக் கடை பில்லை எடுத்து உள்ளே விட்டார். மறுபக்கம் அது கன்னங்கரேலென்று வந்தது. ஸ்கேன் படத்தைப் போலவே அதுவும் சூடு பட்டால் கறுக்கும் தாள். காலையிலிருந்து ஓடிய மெஷின். பட்டனை மாற்றினாலும் உருளையின் சூடு போகவில்லை.

இருவரும் அந்தக் கறுப்புத் துண்டையே பார்த்தார்கள்.

“குடிச்ச காபிக்குச் சாட்சியே இல்லாம போச்சு” என்றார். பிறகு குரல் இறங்கியது. “நல்லவேளைம்மா. ஆற நேரமாகும்.”

“ஆகட்டும்ணே.”

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“யார் குழந்தை?”

“தங்கச்சியோடது.”

“எப்பப் பொறந்துச்சு?”

அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார்.

ஆறிய பிறகு இன்னொரு பில் விட்டுப் பார்த்தார். எழுத்து அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் அவள் விரல்கள் தளர்ந்தன. போன சாம்பல் நிறத்திலேயே படம் வெளியே வந்தது.

“கை படாது, தண்ணி படாது. ஆனா இந்தத் தாள் தானாவே மங்கும்மா. பொய் சொல்லக் கூடாது” என்றார்.

சாயங்காலம் தங்கை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இனிமே மங்காதுல்ல?”

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது அக்காவுக்கு.

“மங்கும்டி. மெதுவா மங்கும்.”

தங்கை அழவில்லை. அழிந்துவிடுமோ என்று இத்தனை நாள் ஓரத்தை மட்டுமே பிடித்துவந்தவள், இப்போது கட்டைவிரலை நடுவில், அந்தச் சின்னத் தலையின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.