கைலேஞ்சி போட்ட இருக்கை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும். அந்தக் கைலேஞ்சி இன்னும் இருக்கிறது, ஓட்டை விழுந்த கைக்குட்டையாக.

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், பிக்கரிங் போகும் வழியில், ஒரு பழைய ரயில் ஸ்டேஷன். ரயில் நின்றுபோய் நாற்பது வருசம். இப்போது அது பழைய வண்டிகளைக் காட்டும் பார்வையாளர் நிலையம். உள்ளே ஒரு தீயணைப்பு வண்டி, ஒரு பழைய பஸ். முற்றத்தில் ஒரேயொரு ரயில் பெட்டி. அதற்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். அது எங்கேயும் போக முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சித்தம்பிக்கு அங்கே துப்புரவு வேலை. மட்டக்களப்பு ஆள். மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற் அறை. ஒன்பது வருசம் காத்துக்கிடந்து, ஒருவழியாக மனைவி நாகேஸ்வரிக்கு விசா வந்திருந்தது. டிசம்பர் இருபதாம் தேதி பிளேன்.

டிசம்பர் ஒன்பது, திங்கள் காலை. அவள் போனில் சிரித்தாள்.

"கொழும்பு ரயிலுக்கு யன்னலால லேஞ்சி எறிஞ்சு எனக்கு இடம் பிடிச்ச மனுசன்தானே நீங்க? பிளேனிலயும் பிடிச்சுத் தாங்கோவன்."

"பிளேன் யன்னல் திறக்காதடி."

"அப்ப வேற எதிலயாவது பிடியுங்கோ."

நிலையம் நாலு மணிக்குப் பூட்டும். அவர் 4.30க்கு மொப்போடு வருவார். அன்று 4.50க்குப் பெட்டிக்குள் ஏறினார். வெளியே இருட்டிவிட்டது. யன்னலோர இருக்கை ஒன்றைத் துடைக்கும்போது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். வெள்ளை, நீலக் கரை. அவளே கரை தைத்து அனுப்பியது. இருக்கையில் விரித்தார்.

"இது என்ர மனுசிக்கு," என்றார் வெறும் பெட்டியைப் பார்த்து. "வேற ஒருத்தரும் இருக்கப்படாது."

தானே சிரித்துக்கொண்டார். போகும்போது அதை எடுக்க மறந்துபோனார்.

செவ்வாய், 4.50. கைலேஞ்சி வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால்... கரையோரமாக ஒரு ஓட்டை. சின்ன வட்டம். ரயிலில் ரிக்கெற் பார்ப்பவர் குறட்டால் குத்துவாரே, அதுபோல.

சூப்பர்வைசர் ராகுலனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பெட்டிக்குள்ள ஆரும் வந்தவையோ?"

"இல்லை அண்ணை. குளிருக்கு ரெண்டு நாளாப் பெட்டி பூட்டு. திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு."

"லேஞ்சியில ஓட்டை விழுந்திருக்கு."

"எலியாயிருக்கும். வடிவாக் கூட்டுங்கோ."

எலி வட்டமாகவா கடிக்கும்?

குனிந்தார். நிலத்தில் ஈரச் சப்பாத்துத் தடம். அவருடையது இல்லை. கதவடியில் தொடங்கி, ஒவ்வொரு இருக்கையிலும் நின்று நின்று வந்து, கைலேஞ்சிக்கு முன்னால் முடிந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

5.09. யன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஆவி. உள்பக்கம்.

5.11. இருக்கையைத் தொட்டார். சூடு... இப்போதுதான் யாரோ எழும்பியதுபோல.

டிக்.

பின்னால். குறடு குத்தும் சத்தம்.

டிக்... டிக்...

கிட்ட.

5.12. பெட்டி ஒரு தரம் குலுங்கியது. வெளியே நின்ற விளக்குக் கம்பம் மெல்லப் பின்னால் நகர்ந்தது...

கைலேஞ்சியைப் பறித்துக்கொண்டு வெளியே குதித்தார்.

திரும்பிப் பார்த்தார். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

7.40. மட்டக்களப்பிலிருந்து மகள் யதுஷா.

"அப்பா... அம்மா எழும்பயில்லை."

"எப்ப?" என்றார்.

"விடியப்புறம் மூண்டே முக்கால் இருக்கும். 'வண்டி வெளிக்கிடுது, அவர் இறங்கிட்டார்' எண்டு சொன்னவ. கனவில பினாத்துறா எண்டு நினைச்சு நான் படுத்திட்டன் அப்பா."

இங்கே பின்னேரம் 5.12 என்றால், அங்கே விடியப்புறம் 3.42.

"கையை இறுக்கிப் பொத்தியிருந்தா. விரிச்சுப் பார்த்தன். சின்னத் துணித்துண்டு... வட்டமா. நீலக் கரை."

செத்தவீட்டுக்குப் போனபோது மகள் அதைக் கொடுத்தாள். ஓட்டையில் வைத்துப் பார்த்தார். நூலுக்கு நூல் பொருந்தியது.

இடம் பிடித்தது பிழையா, தான் மட்டும் இறங்கியது பிழையா? அவருக்குத் தெரியாது. சொல்லவும் ஆளில்லை.

இப்போதும் அதே பெட்டியைத்தான் துடைக்கிறார். அந்த இருக்கை குளிர்ந்து கிடக்கிறது. தினமும் 5.12க்கு அதற்குப் பக்கத்து இருக்கையில் கைலேஞ்சியை விரித்துவிட்டுப் போவார். தனக்கு.

மறுநாள் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

ஒரு ஓட்டைதான். இரண்டாவது இன்னும் விழவில்லை.