என் கணவர் படிப்பித்த பரீட்சை

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெளிநாட்டில் வணிக முகாமைத்துவம் படிக்கும் ஆசை எனக்கு வந்தது. உண்மையில் அது என் கணவருக்கு வந்த ஆசை. அவர் கணித வாத்தியார். வீட்டில் ஒருத்தி பரீட்சை எதுவும் எழுதாமல் நிம்மதியாகத் திரிவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

நுழைவுப் பரீட்சையில் கேட்ட புள்ளி கிடைத்தால் புலமைப்பரிசில் தருவதாக ஒரு பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. கிடைத்தால் இரண்டு வருடம் நான் தனியே போகவேண்டும். அவருடைய தாய் தகப்பன் கிளிவெட்டியில், வயலை விட்டு அசையமாட்டோம் என்று இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. இதைப்பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை. கணக்கைப் பற்றித்தான் கதைத்தோம்.

அந்தப் பரீட்சையில் ஒரு விசித்திரமான பகுதி உண்டு. விடையைக் கேட்கமாட்டார்கள். இரண்டு தகவலைத் தந்து, விடை காண இவை போதுமா, போதாதா என்று மட்டும் கேட்பார்கள். ஒரு பின்னேரம் வந்த கேள்வி இது: பஸ் ஒன்று காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. அடுத்த நகரத்தை எத்தனை மணிக்கு அடையும்? தூரத்தையும் வேகத்தையும் தந்திருந்தார்கள். நான் போதாது என்று எழுதினேன். கணவர் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய பிழை போட்டார்.

“ஏன் போதாது?”

“வழியில எத்தனை ஆமிச் சென்றியில மறிப்பாங்கள் எண்டு சொல்லேல்லையே.”

“இது அமெரிக்கா பஸ்.”

“எண்டாலும், ஆரும் அடையாள அட்டையை வீட்டில விட்டிட்டு வந்திருந்தால்?”

அடுத்தது, மூன்று பேர் சேர்ந்து ஒரு மதிலை எத்தனை நாளில் கட்டுவார்கள் என்பது. அதற்கும் போதாது என்றேன். சீமெந்து கொண்டுவர ஆமியிடம் அனுமதி எடுத்தார்களா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

“உமக்குப் படிப்பிக்கிறதிலும் பார்க்கக் கொட்டியாரக் குடாவை வாளியால இறைச்சு முடிக்கலாம்” என்றார்.

அவ்வளவு கதைத்தவர், கொழும்பில் பரீட்சை என்றதும் இரண்டு நாள் முந்தியே என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல ஏலாதாம். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் காணாதவர்போலப் பையை அடுக்கினார். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பயிற்சிப் புத்தகத்தில் இருந்த வட்டங்களையும் கோடுகளையும் பார்த்து ஆமிக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கணவர் தன் அரைகுறைச் சிங்களத்தில் வட்டத் தேற்றத்தை விளக்கத் தொடங்கினார். பாதியிலேயே அந்தப் பிள்ளை கும்பிடாத குறையாக எங்களைப் போகச் சொன்னான்.

கொழும்பில், குளிரூட்டிய அறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் பரீட்சை நடந்தது. புகையிரதக் கணக்கு ஒன்று வந்தபோது மனச்சாட்சியை அடக்கிக்கொண்டு, போதும் என்று அழுத்தினேன். எல்லாம் முடிந்தபின் திரையில் இன்னொரு கேள்வி வந்தது. புள்ளியைப் பார்க்குமுன் சொல்லவேண்டும்: ஏற்றுக்கொள்கிறீர்களா, இரத்துச் செய்கிறீர்களா? இரத்துச் செய்தால் என் புள்ளி ஒருவருக்கும் தெரியவராது.

இதை அவர் படிப்பிக்கவில்லை. சரிவரவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக ஊருக்குத் திரும்பிப் போகலாம். ஒரு கிழமை ஏசுவார், பிறகு தானே தேத்தண்ணி போட்டுத் தருவார். எனக்கு அது அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தால் களைத்து வந்து, சாப்பிட்ட கையோடு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்த மனிதரை ஏமாற்ற மனம் வரவில்லை. ஏற்றுக்கொண்டேன். கேட்டதற்கு மேலேயே புள்ளி வந்திருந்தது.

அவர் வெளியே மதிலடி நிழலில் நின்றார். சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு.

“ஆர் படிப்பிச்சது?” என்றார்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் குளிருக்குப் போடும் கோட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். இடையில் நான் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார்.

“இரத்துச் செய்யவும் விடுவினமோ?”

“ஓம்.”

என் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, வீதியைப் பார்த்தபடி நின்றார்.

“நானெண்டால் அதைத்தான் அமத்தியிருப்பன்” என்றார்.