திரை விழும் கோடு

செவ்வாய்க்கிழமை காலை, ஆறாம் வகுப்புக்கு ஸ்வர வரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முத்துமாரி போனில் அழைத்தாள். எங்கள் பழைய மாணவி, இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறாள். பள்ளி நேரத்தில் என்னை ஒருநாளும் அழைக்காதவள். "டீச்சர், சார் போயிட்டாக" என்றாள். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பெயர் சொல்லாமல் சார் என்றால் அது நாடக ஆசிரியர் தங்கராசு ஒருவர்தான். முந்தின நாள் மாலை வரை மைதானத்தில் நின்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்த மனிதர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

மதியத்துக்குள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு பூவும் விளக்குமாக நிரம்பிவிட்டது. "அமைதியானவர். எவர் மனதையும் புண்படுத்தாதவர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு இருபது கும்பிடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கராசு சார் எத்தனை பேர் மனதைப் புண்படுத்தினார் என்று கூடவே வேலை பார்த்த எனக்குத் தெரியும். என் மனதும் அதில் சேர்த்தி. செத்த அன்றைக்கே ஒருவரைச் சாதுவாக்கிவிடுவது அவரை இரண்டாம் முறை சாகடிப்பது. அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

எங்கள் பள்ளியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் நடுவே, ஓவியமும் இசையும் நாடகமும் கணக்கு, அறிவியலுக்குச் சமமான பாடங்களாக நடக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி அது. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் விடியும் முன் வேன் ஏறிப் பட்டாசு கம்பெனிக்குப் போகிறவர்கள். ஊரில் எங்களுக்குக் 'கூத்தாடி ஸ்கூல்' என்று பெயர். ஒருமுறை ஒரு தகப்பனார் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். "ஆடிப் பாடுனா நாளைக்குச் சோறு கெடைக்குமா சார்?" என்று கேட்டார். தங்கராசு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். "கெடைக்குமான்னு எனக்கும் தெரியல அண்ணாச்சி. ஆனா நாளைக்கு இவனை ஒருத்தன் மிரட்டுனா, இவன் குரலு கம்மாது. அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றார். பையன் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்களிடமே படித்தான்.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை ஆர்மோனியத்தால் வந்தது. ஒரு நாடகத்தில் தாய் அழும் இடத்துக்கு நான் உருக்கமாக ஒரு மெட்டுப் போட்டிருந்தேன். பிள்ளைகள் முன்னாலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "அழுகைக்கு மெட்டுப் போடாதீக டீச்சர். அழுறவுக வீட்ல ஆர்மோனியம் இருக்காது." ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், மனிதர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒத்திகையின் முதல் நாள் அவர் வசனம் கொடுக்க மாட்டார். சாக்பீஸை எடுத்து மேடையின் முன்பக்கம் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார். "ஏலே, எல்லாரும் பாத்துக்கோங்க. திரை விழுற எடம் இது. இதுக்கு அங்கிட்டு நாடகம். இங்கிட்டு ஊரு. எங்கன நிக்கிறோம்னு தெரியாம எவனும் வாயத் தெறக்கப்படாது." ஆண்டு விழாவையும் அவர் பிடிவாதத்தால்தான் தீபாவளி முடிந்த கையோடு வைத்தோம். கம்பெனிகள் அடைத்திருக்கும் நாட்கள் அவை. அப்போதுதான் அம்மாக்கள் வர முடியும்.

முத்துமாரி ப்ளஸ் டூ படித்த ஆண்டின் விழாவில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவள் அம்மா வேலை பார்த்த அறை வெடித்தது. அவள் அம்மாவையும் சேர்த்து நான்கு பெண்கள் போய்விட்டார்கள். வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அந்தச் செருப்புகளை வைத்துத்தான் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று வீட்டாருக்குத் தெரிந்தது. மூன்று வருடம் அதைப் பற்றி வாய் திறக்காத பெண், ஆண்டு விழா நாடகத்துக்கு அதை ஒரு காட்சியாக எழுதிக்கொண்டு வந்தாள். அம்மா வேடத்தில் தானே நடிப்பேன் என்றாள்.

அந்த வருடம் சிறப்பு விருந்தினர் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி. விபத்து நடந்த கம்பெனி வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேடைக்குச் சிவப்பு வெல்வெட் திரை அவர் கொடுத்தது. அதில் அவருடைய கம்பெனி பெயர் பொன் எழுத்தில் ஆளுயரத்துக்கு இருக்கும். ஒத்திகைக் களத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார். காட்சி விஷயம் அவர் காதுக்குப் போனது. எடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. "பிள்ளைக வெயில்லயும் மழையிலயும் கெடக்கு சார், கொஞ்சம் பாருங்க" என்றார். சார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "எடுத்துருவோம்மா" என்று எழுந்துபோனார். நான் அவரைப் பிடித்துத் திட்டினேன். முத்துமாரி திட்டக்கூட இல்லை. "நீங்களும் அவுக ஆளுதானா சார்?" என்று மட்டும் கேட்டாள். "நடிக்க வேணாம். திரைக் கயிறு பிடிக்க வா" என்றார் அவர்.

விழாவன்று அந்தக் காட்சி வரவேண்டிய இடத்தில் திரை திறந்தது. மேடையில் யாரும் இல்லை. பின்னால் அட்டையில் செய்த ஓர் அறை வாசல். மேடையின் முன் விளிம்பில் பெண்கள் செருப்பு நான்கு ஜோடி, வரிசையாக. அவ்வளவுதான். என்னிடம் ஆர்மோனியத்தை மூடிவைக்கச் சொல்லியிருந்தார். பின்வரிசையில் ஒரு பெண் "ஆத்தா" என்றாள். முதலாளிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் எழுந்து நின்றார்.

"எடுக்கச் சொன்னேன்ல? என்ன இது?"

சார் ஓரத்திலிருந்து வந்து கையைக் கட்டி நின்றார். "எடுத்தாச்சு அண்ணாச்சி. ஒரு ஆளு நடிக்கல. ஒரு வசனம் இல்ல. இதுல இன்னும் எதை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"திரைய மூடுங்கடா!"

சார் முத்துமாரியைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் கயிற்றை இழுத்தாள். திரை மூடியது. அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. செருப்புகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தன. மூடிய திரையில் கம்பெனியின் பெயர் பொன்னாக மின்னியது. அதன் காலடியில் நான்கு ஜோடிச் செருப்பு.

யாரும் கை தட்டவில்லை. கூட்டத்திலிருந்து நான்கு அம்மாக்கள் எழுந்தார்கள். வெறுங்காலோடு நடந்து வந்து மேடைப் படி ஏறினார்கள். அவரவர் செருப்பை அவரவர் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்கு வார் சிக்கியது. குனிந்து நிதானமாகச் சரிசெய்துகொண்டாள். பிறகு நால்வரும் இறங்கித் தங்கள் இடத்துக்குப் போனார்கள். உயிரோடு நடந்து போனார்கள். நான் வாய்விட்டு அழுதேன், எந்த மெட்டும் இல்லாமல். கயிற்றைப் பிடித்தபடி முத்துமாரி நிமிர்ந்து நின்றிருந்தாள்.

அந்த அம்மாக்கள் மேடை ஏறியதுகூட உங்கள் ஏற்பாடா என்று மறுநாள் கேட்டேன். "வாசல்ல கடன் வாங்கினேன் டீச்சர். செருப்பு இல்லாம வீட்டுக்கு எப்படிப் போவாக?" என்றார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். இரண்டே வரி எழுதினார்: 'காட்சி நீக்கப்பட்டது. செருப்புகள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.'

கூரை வரவில்லை. இன்றுவரை இல்லை. அந்த ஆண்டோடு விழாவில் நாடகத்தையும் நிறுத்திவிட்டார்கள். கும்மியும் கோலாட்டமும் போதும் என்று உத்தரவு. நாடகத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் நாடகம் கிடையாது, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆனாலும் அவர் ஒவ்வொரு ஜூன் மாதமும் வெயிலில் நின்று கோடு கிழித்தார். "மேடை தரலேன்னா என்ன, கோடு நம்மளுதுதான்" என்பார். கூரை போனதற்காகக் கடைசி வரை அவரைத் திட்டிய பெற்றோரும் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். மழையில் நனைந்தது அவர்கள் பிள்ளைகள்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. ஓரமாக அவருடையதும் கிடந்தது, குதிகால் தேய்ந்த பழைய தோல் செருப்பு. அவர் மனைவியிடம் கேட்டேன். "எடுத்துக்கோங்க டீச்சர், ஆனா சும்மா பூட்டி வைக்காதீக" என்றார். இரங்கல் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டவர்கள், அந்த நாடக விஷயம் மட்டும் வேண்டாம் என்று காதோடு சொன்னார்கள். நான் பேசப் போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு விழாப் பொறுப்பு என்னுடையது. தீபாவளி முடிந்ததும் விழா. நாடகம் உண்டு. அந்தக் காட்சி உண்டு, ஒரு வசனம் குறையாமல். முத்துமாரி லீவு போட்டுவிட்டு வருகிறாள், அம்மா வேடம் அவளுக்குத்தான். சாக்பீஸ் கோட்டை நானே கிழிப்பேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இந்த முறை ஐந்து ஜோடி இருக்கும். மூடச் சொல்கிறவர்கள் திரையை மூடிக்கொள்ளட்டும்.