தானாக விழாதவர்

உள்ளங்கால் இரண்டையும் துண்டால் துடைத்து, விரலிடுக்குகளையும் விடாமல் துடைத்து, விரிப்பில் சிந்தியிருக்கும் வியர்வைத் துளிகளையும் ஒற்றியெடுத்த பின்னரே அவர் நிமிர்ந்து நிற்பார். "தரையும் தொடச்சாச்சு, காலும் தொடச்சாச்சு. இனிமே நான் விழுந்தா, நீ போட்டதாலதான் விழுந்தேன்னு அர்த்தம். வா." எதிரே நிற்பவருக்கு அந்த ஒரு சொல்லிலேயே பாதி வியர்த்துவிடும்.

ஜுஜிட்சு என்னும் ஜப்பானிய மற்கலையில் கறுப்புப் பட்டைக்குத் தேர்வு நடக்கும் நாள்களில் இவருடைய பணி, விழுவது. தேர்வுக்கு வருபவர் ஒருவரைப் பிடித்து எறிந்து காட்ட வேண்டும். எறியப்படவும் ஒருவர் வேண்டுமல்லவா? முன்பெல்லாம் அவரவர் தம் தோழரையே அழைத்துவருவார்கள். தோழரும் தொட்ட மாத்திரத்தில் காற்றில் மிதந்து, கண்ணுக்கினிய வளைவொன்று வளைந்து, பூவைப்போல் விழுந்து தருவார். இதைக் கண்டு சலித்த தலைமை நடுவர், எல்லோருக்கும் இவரே விழ வேண்டுமென்று விதித்துவிட்டார். நடுவர் மூவரும் விசில் ஒலித்தவுடன் ஒரே நேரத்தில் கொடியுயர்த்த வேண்டும் என்பதும் அவர் விதித்ததே. வெள்ளை என்றால் தேர்ச்சி; சிவப்பு என்றால் அடுத்த ஆண்டு.

இவருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் தூணக்கா. தூணுக்குரிய உயரமோ பருமனோ இல்லை. நாற்பதைக் கடந்த, குள்ளமான, மூக்குக்கண்ணாடி அணிந்த பெண்மணி. கண்ணாடியைக் கழற்றித் தம் செருப்புக்குள் வைத்துவிட்டுத்தான் விரிப்பில் ஏறுவார். "அங்க வெச்சாத்தான் மறக்காம எடுப்பேன். செருப்பில்லாம வீட்டுக்குப் போக முடியாதில்ல?"

மற்ற நாள்களில் மெத்தைக் கடையொன்றில் விற்பனையாளர். அங்கும் வாங்க வந்தவர் முன்னிலையில் தாமே படுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். "இது பார்க்கத்தான் பஞ்சு. ஆறு மாசத்துல நடுமுதுகு பள்ளத்துல போயிடும். ஓரத்துல இருக்கு பாருங்க, அதை எடுங்க, விலையும் கம்மி." முதலாளி கல்லாவுக்குப் பின்னால் தலையில் கைவைத்துக்கொள்வார்.

இந்த முறை, ஓங்குதாங்கான இளைஞர் ஒருவர் குனிந்து அவர் காதருகே குழைந்தார். "அக்கா, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கக்கா."

"பார்த்துப் போட நான் என்ன காய்கறியா விக்கிறேன்? நீ போடு, நான் விழறேன்."

இளைஞர் இழுத்தார், திருகினார், தூக்க முயன்றார். தூணக்கா இழுத்த பக்கம் வந்தார், தள்ளிய பக்கம் போனார், விழவில்லை. செய்யுளில் தளை தட்டிய அடியைப் பழகிய செவி காட்டிக்கொடுப்பதுபோல், பிசகிய பிடியை அவர் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். "நான் வீம்புக்கு நிக்கலப்பா. உன் இடுப்பு என் இடுப்புக்குக் கீழ வரவே இல்ல. நான் எங்க போய் விழறது?" மூன்று சிவப்புக் கொடிகள் உயர்ந்தன. அடுத்து வந்த மெலிந்த பெண்ணோ இடுப்பைத் தாழ்த்தித் திரும்பிய வேகத்தில், தூணக்கா தூணாயிராமல் துணியாய்ப் பறந்தார். எழுந்து அவள் தோளில் ஓர் அடி வைத்தார். "எலும்பெல்லாம் எண்ணிட்டேன். நல்லாருக்கு."

கடைசியாக வந்தவர் தூணக்காவின் கணவர். மின்தூக்கி பழுதுபார்ப்பவர், சென்ற ஆண்டும் இதே விரிப்பில் இதே மனைவியை அசைக்க முடியாமல் சிவப்பு வாங்கியவர். அதன்பின் சில நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லையாம். இம்முறை தேறினால் பயிற்சிக் கூடத்தின் மாலை வகுப்பு அவர் கைக்கு வரும். தவறினால் இன்னொருவருக்குப் போய்விடும். ஆண்டு முழுதும் அதற்காகவே உழைத்திருந்தார்.

"உங்களுக்கு மட்டும் வேற ஆளை விழச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் தலைமை நடுவர்.

"வேணாம் மாஸ்டர். இவ விழுந்தாத்தான் நானே நம்புவேன்."

"சொந்தக்காரருக்குச் சலுகை காட்டிட்டாங்கன்னு யாராவது சொல்லப் போறீங்களா?" என்று நடுவர் கூட்டத்தைக் கேட்டார். "அவர் நிலைமைதான் பாவம்," என்றது பின்வரிசை.

தூணக்கா சிரிக்கவில்லை. நேராக வந்து கணவரின் எதிரே நின்றார். துண்டு பெஞ்சின்மேல் மடித்தபடி கிடந்தது. அன்று அவர் அதைத் தொடாமல் விரிப்பேறியது அந்த ஒருமுறைதான்.

கணவர் பிடித்தார், தாழ்ந்தார், திரும்பினார். தூணக்காவின் கால்கள் மேலெழ, முதுகு விரிப்பில் மோதிய ஓசையில் கூடமே அதிர்ந்தது. விசில் ஒலித்தது. மூன்று மூலைகளிலும் மூன்று வெள்ளைக் கொடிகள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கணவர் முகத்தில் பரவிய ஒளியை என்னென்பது! கோயில் தேரைக் கண்டவர் முகத்தில்தான் அதைக் காணலாம்.

தூணக்கா படுத்தவாறே கூரையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வலக்கையை உயர்த்தினார்.

"மாஸ்டர், இது கணக்குல வராது. கால் வழுக்கிடுச்சு."

"நல்லாத்தானே விழுந்தீங்க?"

"நல்லாத்தான் விழுந்தேன். இவர் போடல."

கொடிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. கணவர் குனிந்து விரிப்பைப் பார்த்தார். அவர் நின்ற இடத்தருகே ஈரம் மின்னியது.

"ஏம்மா, நீ வழுக்கினது என் வேர்வைலதான். அதுல பாதியாவது என் உழைப்பு இல்லையா?"

"அந்தப் பாதிய வீட்டுல வாங்கிக்குங்க. இங்க முழுசாப் போடுங்க."

கூடம் சிரித்தது; கணவரும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. தூணக்கா பெஞ்சுக்கு நடந்து துண்டை எடுத்தார். விரிப்பைத் துடைத்தார். விரலிடுக்கு விடாமல் தம் கால்களைத் துடைத்தார். துண்டை வீசிவிட்டுத் திரும்பி வந்து, தளர்ந்து தொங்கிய கணவரின் கையைத் தாமே எடுத்துத் தம் சட்டையின் கழுத்து மடிப்பில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக இறுக மூடினார்.